வறண்ட காலநிலையில் ஆர்க்கிட் வளர்ப்பு

வறண்ட காலநிலையில் ஆர்க்கிட் வளர்ப்பு என்பது காற்றில் ஈரப்பதம் குறைவாக உள்ள இடங்களில் ஆர்க்கிட் செடிகளை வீட்டில் வளர்த்துப் பூக்கச் செய்யும் தோட்டக்கலை முறைகளைக் குறிக்கும். பாலைவன நகரங்கள், மழைநிழல் சமவெளிகள், குளிர்காலத்தில் வெப்பமூட்டப்படும் வீடுகள், நாள் முழுவதும் குளிரூட்டி இயங்கும் அறைகள் ஆகியன இத்தகைய சூழல்களுக்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

ஆர்க்கிட் மழைக்காட்டுச் செடி என்பதால் வறண்ட காற்றில் பிழைக்காது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது முழுமையாகச் சரியன்று. வீடுகளில் மடியும் ஆர்க்கிட்டுகளில் பல, வறண்ட காற்றை ஈடுசெய்வதாக எண்ணி வேருக்கு அடிக்கடி நீர் ஊற்றுவதால் வேரழுகி மடிகின்றன. எனவே இலையைச் சூழ்ந்த காற்றின் வறட்சியையும் வேரைச் சூழ்ந்த ஊடகத்தின் ஈரத்தையும் இரு வேறு சிக்கல்களாகப் பிரித்துப் பார்ப்பதே இவ்வளர்ப்பு முறையின் அடிப்படை ஆகும்.

ஆர்க்கிட்டின் உடலமைப்பு

ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பான்மையானவை மரக்கிளைகளில் பற்றி வாழும் தொற்றுத் தாவரங்கள் ஆகும். இவை ஒட்டுண்ணிகள் அல்ல; மரத்தை இருப்பிடமாக மட்டுமே கொள்கின்றன. மழைக்காடு ஈரமானதாயினும், மழை நின்ற சில மணி நேரத்தில் மரப்பட்டை காய்ந்துவிடுகிறது. நீரைச் சேமித்துத் தரும் மண் அங்கு இல்லை. ஆகவே தொற்று ஆர்க்கிட்டுகள் குறுகிய கால வறட்சியைத் தாங்கும் பல தகவமைப்புகளைப் பெற்றுள்ளன.

வெலாமன்: வேரின் வெளிப்புறத்தில் உள்ள, இறந்த உயிரணுக்களால் ஆன, பஞ்சு போன்ற உறை. மழை நீரை மிக விரைவாக உறிஞ்சி, பின்னர் உள்வேருக்கு அளிக்கிறது. உலர்ந்த நிலையில் வெள்ளி நிறமாகவும், நனைந்த நிலையில் பச்சையாகவும் தோன்றும். காற்று நிரம்பிய இடத்தில் இயங்குவதற்கு உரிய அமைப்பு இது. நாள் முழுவதும் நீரில் ஊறினால் வேர் மூச்சுத் திணறி அழுகும்.

போலிக் குமிழ்: கேட்லியா, ஒன்சிடியம், டென்ட்ரோபியம் முதலிய பேரினங்களில் காணப்படும் பருத்த தண்டு. நீரையும் உணவையும் சேமிக்கிறது. ஃபலெனோப்சிஸ், வாண்டா ஆகியவற்றில் இது இல்லை. அவற்றின் தடித்த இலைகளும் வேர்களும் இப்பணியை ஓரளவு செய்கின்றன.

இரவில் திறக்கும் இலைத்துளை: பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குகின்றன. அப்போது நீராவி வெளியேறுகிறது. ஃபலெனோப்சிஸ், கேட்லியா, வாண்டா முதலியன இரவில் இலைத்துளைகளைத் திறந்து, கரியமில வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகின்றன. கள்ளியும் அன்னாசியும் பின்பற்றும் இம்முறை கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம் எனப்படும்.

ஈரப்பதமும் ஆவியழுத்தக் குறைபாடும்

ஈரப்பதமானி காட்டும் விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் ஆகும். குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது உள்ளது என்பதை இது குறிக்கும். வெப்பநிலை உயர உயரக் காற்றின் கொள்ளளவும் உயர்வதால், இந்த எண்ணை மட்டும் கொண்டு செடியின் நிலையை மதிப்பிட இயலாது.

செடியிலிருந்து நீரை இழுப்பது ஆவியழுத்தக் குறைபாடு ஆகும். நிறைவுற்ற காற்றின் ஆவியழுத்தத்துக்கும் தற்போதைய ஆவியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே இது. 15 பாகை செல்சியசில் ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காடு எனில் குறைபாடு ஏறத்தாழ 1.2 கிலோபாசுக்கல் ஆகும். அதே 30 விழுக்காடு 40 பாகையில் ஏறத்தாழ 5.2 கிலோபாசுக்கல் ஆகிவிடுகிறது. விழுக்காடு மாறாவிடினும் காற்றின் உலர்த்தும் ஆற்றல் நான்கு மடங்குக்கு மேல் உயர்கிறது. ஆகவே வெப்பத்தைக் குறைப்பதும் வறட்சியைக் குறைக்கும் ஒரு வழி ஆகும்.

இரவில் இலைத்துளை திறக்கும் பழக்கத்தின் பயனையும் இதே கணக்கால் அறியலாம். காற்றில் உள்ள ஆவியழுத்தம் நாள் முழுவதும் 1 கிலோபாசுக்கல் எனக் கொள்வோம். பகலில் 35 பாகையில் ஒப்பு ஈரப்பதம் 18 விழுக்காடாகவும், குறைபாடு 4.6 கிலோபாசுக்கலாகவும் இருக்கும். இரவில் 20 பாகைக்குக் குளிர்ந்தால், ஒரு துளி நீர் சேராமலேயே ஈரப்பதம் 43 விழுக்காடாக உயரும்; குறைபாடு 1.3 கிலோபாசுக்கலாகக் குறையும். இரவில் மூச்செடுக்கும் செடி பகற்காற்றின் வறட்சியைப் பெரிதும் தவிர்த்துவிடுகிறது. இரவிலும் வெப்பம் தணியாத அறையில் இந்த நன்மை கிடைப்பதில்லை.

பொதுவாக 50 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் ஆர்க்கிட்டுகளுக்கு ஏற்றது. வேர்கள் நலமாக இருப்பின் ஃபலெனோப்சிஸ், கேட்லியா ஆகியவை 40 விழுக்காட்டிலும் நன்கு வளர்கின்றன. 30 விழுக்காட்டுக்குக் கீழ் சென்றால் மொட்டு உதிர்தல், வேர்நுனி காய்தல் முதலிய சிக்கல்கள் மிகுகின்றன.

வறண்ட சூழலின் வகைகள்

எல்லா வறட்சியும் ஒன்றல்ல. காரணத்தைப் பொறுத்துத் தீர்வும் மாறுகிறது.

வெப்பப் பாலைவனம்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்சு நகரின் ஆண்டு மழையளவு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோடையில் பகல் வெப்பநிலை பல நாட்கள் 40 பாகையைத் தாண்டும். சூன் மாதப் பிற்பகல்களில் ஒப்பு ஈரப்பதம் 10 விழுக்காட்டை நெருங்குவதுண்டு. சூலை முதல் செப்டம்பர் வரை வீசும் பருவக்காற்று ஈரப்பதத்தை ஓரளவு உயர்த்துகிறது. இங்கு கோடையில் செடிகளை வீட்டுக்குள் வைப்பதும், மிதமான பருவங்களில் நிழலில் வெளியே வைப்பதும் வழக்கம்.

பருவமழைக்கு முந்தைய சமவெளி: வட இந்தியாவில் மே, சூன் மாதங்களில் வீசும் லூ எனப்படும் வெப்பக்காற்று மிகவும் வறண்டது. தமிழ்நாட்டின் கடலோரம் ஆண்டு முழுவதும் ஈரமாக இருப்பினும், மதுரை, திருச்சிராப்பள்ளி போன்ற உள்மாவட்டங்களில் மார்ச்சு முதல் மே வரை பிற்பகல் காற்று வறண்டு விடுகிறது. இவ்விடங்களில் வறட்சி சில மாதங்களுக்கு மட்டுமே நீடிக்கும்.

வெப்பமூட்டிய வீடு: கனடா, வட ஐரோப்பா முதலிய குளிர்நாடுகளில் வெளியே பனி பெய்தாலும் வீட்டுக்குள் பாலைவனக் காற்றே நிலவும். 0 பாகையில் முழுமையாக நிறைவுற்ற காற்றின் ஆவியழுத்தம் 0.61 கிலோபாசுக்கல் மட்டுமே. அதே காற்று வீட்டுக்குள் நுழைந்து 22 பாகைக்குச் சூடாகும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் 23 விழுக்காடாகக் குறைகிறது. வெளியே உறைநிலைக்குக் கீழ் 10 பாகை எனில், உள்ளே 10 விழுக்காடு அளவே மிஞ்சும்.

குளிரூட்டிய அறை: குளிரூட்டி காற்றில் உள்ள நீராவியைக் குளிரவைத்து நீராக வடித்து வெளியேற்றுகிறது. வெப்பம் தணிவது செடிக்கு நன்மையே. ஆயினும் குளிரூட்டியின் காற்று நேராகச் செடிமீது வீசினால் இலையும் மொட்டும் வாடும்.

ஏற்ற இனங்களைத் தேர்ந்தெடுத்தல்

இயற்கையில் வறண்ட பருவத்தைச் சந்திக்கும் இனங்களைத் தேர்வதே எளிய வழி ஆகும்.

வாண்டா டெசலாட்டா: இந்தியா, இலங்கை, மியன்மர் முதலிய நாடுகளின் வெப்பமான, வறண்ட காடுகளில் மரங்களில் வளர்வது. தென்னிந்தியச் சமவெளிகளுக்கு இயல்பானது. வாண்டா என்னும் பேரினப் பெயரே சமசுகிருதச் சொல் ஒன்றிலிருந்து பெறப்பட்டதாகும்.

அகாம்பே பிரேமோர்சா: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் தடித்த இலைகளையுடைய இனம். வெயிலையும் வறட்சியையும் தாங்கும்.

பிரசவோலா நோடோசா: மெக்சிக்கோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை காணப்படுவது. பென்சில் போன்ற தடித்த இலைகளை உடையது. இரவில் மணம் வீசும் வெண்பூக்களைத் தரும்.

கேட்லியாவும் அதன் கலப்பினங்களும்: போலிக் குமிழும் தடித்த இலையும் உடையவை. இருமுறை நீர் ஊற்றுவதற்கு இடையில் ஊடகம் காய்வதை விரும்புபவை.

கேட்டசீட்டம்: வறண்ட பருவத்தில் இலைகளை முற்றிலும் உதிர்த்து ஓய்வு கொள்ளும். ஓய்வுக் காலத்தில் நீர் மிகக் குறைவாகவே தேவை. வளரும் பருவத்தில் மாறாக, மிகுந்த நீர் தேவைப்படும்.

ஃபலெனோப்சிஸ்: உலகெங்கும் கடைகளில் மிகுதியாக விற்கப்படும் தொட்டி ஆர்க்கிட். வறண்ட நில இனம் அன்று. எனினும் வீட்டின் ஒளிக்கும் வெப்பத்துக்கும் இசைந்து வளர்வதாலும், இரவில் இலைத்துளை திறப்பதாலும் தொடக்க நிலையினருக்கு ஏற்றது.

மாறாக மாசுடிவேலியா, டிரகுலா, மில்ட்டோனியோப்சிஸ் முதலியன குளிர்ந்த முகில்காடுகளைச் சேர்ந்தவை. மூடிய பேழை இன்றி வறண்ட, வெப்பமான வீட்டில் இவற்றை வளர்ப்பது கடினம்.

காற்றின் ஈரப்பதத்தை உயர்த்தும் முறைகள்

நீர் தெளித்தல்: இலைமீது நீர் தெளிப்பது மிகப் பரவலான பழக்கம். ஆயின் வறண்ட அறையில் தெளித்த நீர் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். அறையின் ஈரப்பதம் நிலையாக உயர்வதில்லை. 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட அறையின் கன அளவு 36 கன மீட்டர் ஆகும். 25 பாகையில் நிறைவுற்ற காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். ஈரப்பதத்தை 25 விழுக்காட்டிலிருந்து 55 விழுக்காட்டுக்கு உயர்த்த ஏறத்தாழ கால் லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். அறைக்காற்று மணிக்கு ஒரு முறை வெளிக்காற்றால் மாற்றப்படுகிறது எனில், ஒவ்வொரு மணி நேரமும் கால் லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு 6 லிட்டர் தேவை. தெளிப்பானால் இதை ஈடுசெய்ய இயலாது. மேலும் மாலையில் தெளித்த நீர் குருத்தில் தேங்கினால் அழுகல் நோய் உண்டாகும்.

கூழாங்கல் தட்டு: தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அவை மூழ்காத அளவு நீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைப்பது. தட்டுக்கு நேர்மேலே ஈரப்பதம் சில விழுக்காடு மட்டுமே உயரும். தொட்டியின் அடிப்பகுதி நீரைத் தொடக்கூடாது.

செடிகளைக் கூட்டமாக வைத்தல்: ஒவ்வொரு செடியும் தொட்டியும் வெளியிடும் நீராவி அருகிலுள்ள செடிக்குப் பயன்படும். பெரணி போன்ற, மிகுதியாக நீராவி வெளியிடும் செடிகளை இடையில் வைக்கலாம். காற்றோட்டத்துக்கு இடைவெளி விடவேண்டும்.

ஈரப்பதமூட்டி: மேற்கண்ட கணக்கின்படி முழு அறைக்கும் பயன் தரக்கூடியது இக்கருவியே. மீயொலி வகைக் கருவியில் கடினநீரைப் பயன்படுத்தினால் அதில் உள்ள உப்பு வெண்தூளாக இலைகளில் படியும். எனவே உப்பு நீக்கிய நீரே ஏற்றது. குளிர்நாடுகளில் ஈரப்பதத்தை மிகையாக உயர்த்தினால் சன்னல்களிலும் சுவர்களிலும் நீர் படிந்து பூஞ்சணம் வளரும். அங்கு 40 முதல் 45 விழுக்காட்டோடு நிறுத்துவது நன்று.

ஏர் கூலர்: ஈரமான திரை வழியாகக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கும் கருவி. வெப்பத்தைக் குறைத்து ஈரப்பதத்தை உயர்த்துவதால், இரண்டு வகையிலும் ஆவியழுத்தக் குறைபாட்டைக் குறைக்கிறது. வறண்ட காலத்தில் மட்டுமே சிறப்பாக இயங்கும். செடிகளைக் காற்றின் நேர்ப்பாதையில் வைக்காமல் சற்று விலக்கி வைக்கவேண்டும்.

கண்ணாடிப் பேழை: காற்றின் கன அளவைக் குறைப்பதே சிக்கனமான வழி. கால் கன மீட்டர் கொள்ளளவுள்ள பேழையில் அதே 30 விழுக்காடு உயர்வுக்கு 2 கிராமுக்கும் குறைவான நீரே போதும். ஈரமான பாசியும் தொட்டிகளுமே இதை அளித்துவிடும். மூடிய பேழையில் நேரடி வெயில் பட்டால் உள்ளே வெப்பம் விரைவாக உயர்ந்து செடி வெந்துவிடும். சிறு மின்விசிறி ஒன்று உள்ளே தொடர்ந்து இயங்குவது நன்று.

பேழையின் வரலாறு

இப்பேழையின் முன்னோடி வார்டு பேழை ஆகும். இலண்டன் மருத்துவர் நத்தானியேல் பாக்சா வார்டு 1829 ஆம் ஆண்டில், மூடிய கண்ணாடிக் குடுவையின் ஈரமண்ணில் ஒரு பெரணி தானே முளைத்து வளர்வதைக் கண்டார். புகை மிகுந்த இலண்டன் காற்றில் அவரால் வளர்க்க இயலாத பெரணிகள் குடுவைக்குள் வளர்ந்தன. 1833 ஆம் ஆண்டில் இத்தகைய பேழைகளில் செடிகள் கப்பல் வழியாகச் சிட்னிக்கு அனுப்பப்பட்டு உயிருடன் சென்று சேர்ந்தன. 1842 ஆம் ஆண்டில் வார்டு இம்முறையை நூலாக வெளியிட்டார்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் செல்வந்தர்கள் ஆர்க்கிட்டுகளைக் கடும் வெப்பமும் ஈரமும் நிறைந்த, காற்றோட்டம் அற்ற கண்ணாடி இல்லங்களில் வளர்த்தனர். வெப்ப மண்டலச் செடி எனில் வெந்நீராவி வேண்டும் என்பது அக்கால எண்ணம். பெருந்தொகையான செடிகள் அவற்றில் மடிந்தன. சாட்சுவொர்த்து மாளிகைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் யோசப் பாக்சுடன் போன்றோர் காற்றோட்டத்துக்கு இடமளித்து, இனத்துக்கு ஏற்ப வெப்பநிலையைப் பிரித்த பின்னரே நிலைமை மாறியது. ஈரப்பதம் காற்றோட்டத்தோடு சேர்ந்தே பயன் தரும் என்பது இவ்வரலாறு தரும் பாடம் ஆகும்.

ஊடகமும் தொட்டியும்

தொற்று ஆர்க்கிட்டுகளைத் தோட்ட மண்ணில் நடக்கூடாது. மரப்பட்டைத் துண்டுகள், மரக்கரி, தேங்காய் மட்டைத் துண்டுகள், சுபாக்னம் பாசி, சுட்ட களிமண் உருண்டைகள் ஆகியவை ஊடகமாகப் பயன்படுகின்றன. ஈரமான நாடுகளில் விரைவில் காயும் பருத்த துண்டுகள் ஏற்றவை. வறண்ட இடங்களில் சற்றுச் சிறிய மரப்பட்டைத் துண்டுகளோடு பாசியைக் கலந்து ஈரம் தங்கும் நேரத்தை நீட்டலாம். பாசியை அழுத்தித் திணித்தால் காற்றிடைவெளி அற்றுப்போகும். தேங்காய் மட்டையில் உப்பு இருக்கக்கூடுமாதலால், பலமுறை நீரில் ஊறவைத்து அலசிய பின்னரே பயன்படுத்தவேண்டும்.

மண்தொட்டி தன் சுவர் வழியாக நீரை ஆவியாக்குவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஊடகம் விரைவில் காயும். நெகிழித் தொட்டியில் ஈரம் நீடிக்கும். ஒளி புகும் நெகிழித் தொட்டியில் வேரின் நிறத்தை வெளியிலிருந்தே காணலாம் என்பதால் ஃபலெனோப்சிசுக்கு அது மிகவும் பொருந்தும். எத்தொட்டியாயினும் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் இன்றியமையாதவை. மரப்பட்டை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மக்கித் தூளாகி நீரைத் தேக்கும். அதற்குள் தொட்டி மாற்றவேண்டும்.

வாண்டாவைப் பொதுவாக ஊடகமின்றிக் கூடையில் தொங்கவிடுவர். வறண்ட வீட்டில் அதன் வேர்கள் மிக விரைவில் காய்ந்துவிடும். வேர்களை உயரமான கண்ணாடிச் சாடிக்குள் தொங்கவிட்டு, நாள்தோறும் 20 முதல் 30 நிமிடங்கள் நீர் நிரப்பி, பின்னர் நீரை முழுவதும் ஊற்றிவிடுவது நல்ல மாற்று வழி. எஞ்சிய நேரத்தில் சாடிக்குள் உள்ள ஈரக்காற்றே வேரைக் காக்கும்.

நீர் ஊற்றுதல்

வாரம் இத்தனை முறை என்ற நிலையான கணக்கு ஆர்க்கிட்டுகளுக்குப் பொருந்தாது. கீழ்க்கண்ட அறிகுறிகளைக் கொண்டு முடிவு செய்யலாம்.

- வேர் வெள்ளி நிறமாக இருந்தால் நீர் தேவை. பச்சையாக இருந்தால் பொறுக்கலாம்.
- நீர் ஊற்றியவுடன் தொட்டியைத் தூக்கி எடையை உணர்ந்துகொள்ளவேண்டும். பின்னர் தொட்டி இலேசாகும்போது நீர் ஊற்றலாம்.
- மரக்குச்சி ஒன்றை ஊடகத்தின் நடுவே செருகிச் சில நிமிடங்கள் கழித்து எடுத்தால், குச்சியின் ஈரம் உள்நிலையைக் காட்டும். வறண்ட காற்றில் மேற்பரப்பு முதலில் காய்வதால் மேலே தொட்டுப் பார்த்து முடிவு செய்வது பிழை.

நீர் ஊற்றும்போது தொட்டியை 10 முதல் 15 நிமிடங்கள் நீரில் ஊறவைத்து, பின்னர் முற்றிலும் வடியவிடவேண்டும். காலை நேரம் சிறந்தது. குருத்தில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும்.

நீரின் தரம்

வறண்ட நிலங்களின் நீர் பெரும்பாலும் உப்பு மிகுந்தது. பீனிக்சு நகருக்கு வரும் கொலராடோ ஆற்று நீரும், தமிழ்நாட்டின் பல உள்மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரும் கடினநீரே. செடி நீரை எடுத்துக்கொள்கிறது. காற்றும் நீரை எடுத்துக்கொள்கிறது. உப்பின் பெரும்பகுதி தொட்டியிலேயே தங்குகிறது. லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்புள்ள நீரை வாரந்தோறும் கால் லிட்டர் வீதம், சிறிதும் வடியாதபடி ஊற்றினால், ஓராண்டில் 7.8 கிராம் உப்பு அச்சிறு தொட்டிக்குள் சேர்ந்துவிடும். வேர்நுனி கருகுவதற்கும் இலைநுனி பழுப்பாவதற்கும் இது ஒரு முதன்மைக் காரணம் ஆகும்.

மழைநீரே சிறந்தது. அது கிடைக்காதபோது எதிர்மறைச் சவ்வூடுபரவல் முறையில் தூய்மையாக்கிய ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்தலாம். இந்நீரில் சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும் மிகக் குறைவாதலால், அவை அடங்கிய உரத்தைச் சேர்க்கவேண்டும். சோடியம் சேர்த்துக் கடினத்தன்மையை நீக்கும் கருவிகளின் நீர் ஆர்க்கிட்டுகளுக்குத் தீங்கானது. எந்நீராயினும் மாதம் ஒரு முறை, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு உப்பைக் கழுவவேண்டும். உரத்தைப் பொதியில் குறித்த அளவில் கால் பங்காகக் கரைத்து, ஈரமான வேருக்கு மட்டுமே இடவேண்டும்.

ஒளியும் வெப்பமும்

பாலைவன வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்சு வரை ஒளி தரும். ஃபலெனோப்சிசுக்கு 10,000 முதல் 15,000 லக்சும், கேட்லியாவுக்கு 20,000 முதல் 30,000 லக்சும் போதுமானவை. கிழக்கு நோக்கிய சன்னல் ஃபலெனோப்சிசுக்கு ஏற்றது. மேற்கு சன்னலில் மெல்லிய திரை தேவை. இலையைத் தொட்டால் சுடுமாயின் ஒளி மிகை என்று கொள்ளலாம்.

ஃபலெனோப்சிஸ் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் 25 பாகைக்கு உட்பட்ட வெப்பநிலை தேவை. தொடர்ந்து 28 பாகைக்கு மேல் இருந்தால் இலைகளை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். வெப்ப நாடுகளில் செடி செழித்தும் பூக்காமைக்கு இது பொதுவான காரணம். ஈரப்பதக் குறைவு அன்று.

அறிகுறிகளும் காரணங்களும்

இலை சுருங்குதல் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி ஆகும். நீர் போதாத செடியின் இலையும் சுருங்கும். நீர் மிகுந்து வேரழுகிய செடியின் இலையும் சுருங்கும். இரண்டிலும் இலைக்கு நீர் வந்து சேரவில்லை என்பதே பொருள். ஆகவே இலையைக் கண்டவுடன் நீர் ஊற்றாமல், முதலில் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்கவேண்டும்.

- இலை சுருங்கி, வேர் உறுதியாகவும் வெள்ளி நிறமாகவும் இருந்தால்: நீர் போதவில்லை. ஊறவைக்கும் இடைவெளியைக் குறைக்கவேண்டும்.
- இலை சுருங்கி, வேர் பழுப்பாகவும் அழுத்தினால் நசுங்குவதாகவும் இருந்தால்: வேரழுகல். அழுகிய வேர்களைத் தூய கத்தரியால் வெட்டி நீக்கி, புதிய ஊடகத்தில் சிறிய தொட்டியில் நடவேண்டும். புது வேர் வரும்வரை ஒளி புகும் நெகிழிப் பையால் தளர்வாக மூடி, நிழலில் வைக்கலாம். வேரற்ற செடிக்குக் காற்றின் ஈரப்பதம் உயிர்காக்கும் தேவை ஆகும்.
- புதிய இலை விசிறிபோல் மடிப்பு மடிப்பாக வளர்ந்தால்: ஒன்சிடியம், மில்ட்டோனியோப்சிஸ் ஆகியவற்றில் வளரும் காலத்தில் நீரோ ஈரப்பதமோ குறைந்ததைக் காட்டும். மடிந்த இலை பின்னர் விரியாது. அடுத்த இலையைக் கொண்டே முன்னேற்றத்தை அறியலாம்.
- மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால்: வறண்ட காற்று, இடமாற்றம், குளிரூட்டியின் காற்று, அருகில் பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம்.
- இலையின் அடியில் வெள்ளிப் புள்ளிகளும் நுண்ணிய வலையும் தோன்றினால்: சிவப்புச் சிலந்தி. வறண்ட வெப்பத்தில் விரைந்து பெருகும். இலையின் இருபுறமும் நீரால் கழுவித் துடைப்பது முதல் மருந்து.

பெறுதலும் பாதுகாப்பும்

ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீசு உடன்படிக்கையின் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. காட்டிலிருந்து பிடுங்கப்பட்ட செடிகள் பெரும்பாலும் வேர் அறுபட்டே வருகின்றன. வேரற்ற செடியை வறண்ட வீட்டில் பிழைக்கவைப்பது மிகவும் கடினம் என்பதால், அவற்றுள் பல மடிந்துபோகின்றன. வாங்குபவருக்கு அது ஒரு தொட்டியின் இழப்பு. காட்டுக்கோ விதை தரக்கூடிய ஒரு முதிர்ந்த செடியின் இழப்பு.

இதற்குத் தேவையும் இன்று இல்லை. 1922 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் லூயிசு நட்சன், ஆர்க்கிட் விதைகளைப் பூஞ்சையின் துணையின்றிச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்கவைக்கும் முறையை வெளியிட்டார். 1960 ஆம் ஆண்டில் பிரான்சின் சியார்சு மொரெல், நுனி ஆக்குதிசுவிலிருந்து செடிகளைப் பெருக்கும் முறையை வெளியிட்டார். இவற்றின் பயனாக நாற்றுப் பண்ணைகளில் பெருமளவில் ஆர்க்கிட்டுகள் உற்பத்தியாகின்றன. பண்ணையில் வளர்ந்த, உறுதியான வேர்களையுடைய செடியை வாங்குவது, வறண்ட காலநிலையில் வளர்ப்பவருக்கும் காட்டுக்கும் ஒருங்கே நன்மை தருவதாகும்.